கேப்டனுக்கு மூன்று அங்குல எழுத்து

உயிரோடு இருந்த ஒரு மனிதருக்கு நான் நினைவுக்கல் வெட்டியிருக்கிறேன். அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த மனிதரையே கல்லுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, கழுத்தில் ரோஜா மாலை போட்டு, மூடியிருந்த துணியை விலக்கிக் கையும் தட்டியிருக்கிறேன். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் தொழிலில் இப்படி ஒரு சாதனை வேறு யாரும் செய்ததாக நான் கேள்விப்படவில்லை. செய்திருந்தால் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த அளவுக்கு அவர்கள் என்னைவிடப் புத்திசாலிகள்.

கல்லில் எழுத்து எங்கே, எந்த அளவில் வரும் என்று வகுக்கும் லேஅவுட் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது அனுபவம் எழுதிக் கொடுங்கள் என்று கம்பெனியில் கேட்டார்கள். மெஷினைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கல்லில் எப்படித் தப்பு செய்வது என்பதுதான் என் துறை. காகிதத்தில் செய்தால் கிழித்துப் போடலாம். கல்லில் செய்தால் அது நமக்குப் பிறகும் நின்று நம்மைப் பற்றிப் பேசும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஜூஜுவாடியில் எனக்குச் சொந்தமாக ஒரு கல்வெட்டுக் கடை இருந்தது. இறந்தவர்களோடு எனக்கு வியாபாரம் கிடையாது. திறப்பு விழாக் கல்தான் என் தொழில். நிழற்குடை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை என்று எதைத் திறந்தாலும் கல் என் கடையிலிருந்து போகும். அந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். எழுத்தின் உயரம் பதவியின் உயரம். அமைச்சருக்கு மூன்று அங்குலம், எம்.எல்.ஏ.வுக்கு இரண்டு, சேர்மனுக்கு ஒன்றரை, கவுன்சிலருக்கு ஒன்று. காண்ட்ராக்டர் கெஞ்சிக் கேட்டால் அரை அங்குலம். கட்டிய கொத்தனாருக்கு எழுத்தே கிடையாது. அவரும் கேட்டதில்லை.

தளி ரோட்டில் ஒரு நிழற்குடைக்கு நான் வெட்டிக் கொடுத்த கல், நிழற்குடையைவிடப் பெரிதாகப் போய்விட்டது. மத்தியான வெயிலில் ஜனங்கள் கூரையடியை விட்டுவிட்டுக் கல்லின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு முறை, சேர்மன் பெயர் எம்.எல்.ஏ. பெயருக்குச் சமமாக வந்துவிட்டது. ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அடிக்கவெல்லாம் இல்லை. ஸ்கேல் கேட்டு வாங்கி அளந்தார்கள். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். அளந்ததைத்தான் மறக்க முடியவில்லை. அதற்கப்புறம் யார் எதிரில் வந்தாலும், இவருக்கு எத்தனை அங்குலம் என்று கண் தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

கடை படுத்த பிறகு இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். முதலாளி சேலத்துக்காரர். வெளிநாடுகளுக்குக் கல்லறைக் கற்கள் அனுப்புகிறவர். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "யோவ் கல்வெட்டு" என்பார்.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. குளிர் அதிகமுள்ள ஒரு நாடு. அந்த நாட்டுப் போர்க்கப்பல் ஒன்று, சொந்தக் கரையை விட்டு எங்கோ தூரத்துக் கடலில் வருஷக்கணக்காகக் காவலுக்கு நின்றிருக்கிறது. அங்கே பணியில் இருந்தபோது பதினொரு பேர் இறந்துபோயிருக்கிறார்கள். அவர்களுக்கு ஆள் உயரத்தில் ஒரே கறுப்புக் கல். கோடு, புள்ளி எதுவும் இருக்கக் கூடாது. அப்படி ஒரு கல் குவாரியில் கிடைப்பது லாட்டரி மாதிரி. கிடைத்தது. இன்னொன்று வேண்டுமென்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மெயிலில் பதினொரு பெயர்கள் இருந்தன. நமக்குத் தெரிவதற்காக ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் கப்பலில் செய்த வேலையும் இருந்தது. கீழே ஒரு வரி: எல்லாப் பெயரும் ஒரே அளவில், இதே வரிசையில் வர வேண்டும், வேறெதுவும் சேர்க்க வேண்டாம். கப்பலின் உருவத்தை மேலே கோடாக வரைவதற்காக ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தார்கள். கப்பல் தளத்தில் எல்லோரும் நிற்க, நடுநாற்காலியில் கேப்டன். போட்டோவுக்கு அடியில் அவர் பெயர் அச்சாகியிருந்தது.

நான் பட்டியலைப் பார்த்தேன். போட்டோவைப் பார்த்தேன். மறுபடியும் பட்டியலைப் பார்த்தேன்.

"மஞ்சுளா, இதுல கேப்டன் பேரே இல்லம்மா."

மஞ்சுளா ஸ்டென்சில் பிரிவு. கல்லின் மேல் ரப்பர் ஷீட் ஒட்டி, எழுத்து வரவேண்டிய இடத்தை மட்டும் கத்தியால் உரித்தெடுப்பது அவள் வேலை. அப்புறம் காற்றோடு மணலைப் பீய்ச்சினால், உரித்த இடத்தில் மட்டும் கல் குழிந்து எழுத்தாகும். தளிப் பக்கத்துப் பெண். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

"அவங்க குடுக்கலைன்னா விடுங்க சார்."

"கப்பல் முழுகினா கேப்டனும் கூடவே போவாரும்மா. சினிமாவுல பாத்ததில்லையா? டைப் அடிச்சவன் விட்டுட்டான். அதுவும் இந்த லட்சணத்தைப் பாரு, முதல் பேரே சமையல்காரர். கப்பல்ல இருந்த அத்தனை பேருக்கும் மேல சமையல்காரரா?"

"ஒரு மெயில் போட்டுக் கேட்டுடுங்களேன்."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. மரியாதைங்கறது கேட்டுட்டுச் செய்யறதில்லம்மா."

தம்பிகளே, இந்த வாக்கியத்தை நான் சொன்னபோது எனக்கே கொஞ்சம் புல்லரித்தது. உங்கள் வாயிலிருந்து இப்படி அழகான வாக்கியம் ஏதாவது வந்தால் உடனே மெஷினை ஆஃப் செய்துவிடுங்கள்.

கப்பல் மூழ்கியது என்று மெயிலில் ஓரிடத்திலும் இல்லை. மூழ்கடித்தது நான்தான். கேப்டன் பெயரை எல்லாவற்றுக்கும் மேலே, மூன்று அங்குலத்தில் வைத்தேன். முதலில் இருந்த சமையல்காரரை எடுத்துக் கடைசிக்குக் கொண்டுபோனேன். நடுவில் இருந்த பத்துப் பேரை அப்படியே விட்டுவிட்டேன். நல்ல எண்ணத்தால் அல்ல. அவர்களில் யார் பெரியவர் என்று எனக்குத் தெரியவில்லை.

முதலாளி வந்து பார்த்தார்.

"பிரமாதமா இருக்குய்யா கல்வெட்டு. அப்படியே கீழ ஓரத்துல நம்ம கம்பெனி பேரும் போன் நம்பரும் போட்டுடு."

"சார், செத்தவங்களுக்கு வைக்கற கல்லுங்க."

"பாக்க வர்றவன் உயிரோடதான வருவான்?"

போன் நம்பரும் ஏறியது.

கண்டெய்னர் ஏறுவதற்கு முந்தைய நாள், ஆர்டர் கொடுத்தவர்கள் சார்பில் ஒருவர் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. கல் சரியான நேரத்துக்குப் போனால்தான் நினைவு நாளன்று இறந்தவர்களின் குடும்பங்கள் எல்லாம் கூடும்போது அது பீடத்தில் நிற்கும். முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஓசூர் பூ மார்க்கெட்டிலிருந்து ரோஜா மாலை வந்தது. கல்லை வெள்ளைத் துணியால் மூடி, ரிப்பன் கட்டி, ஒரு சின்னத் திறப்பு விழாவே ஏற்பாடு செய்துவிட்டார். என் பழைய கடை தேடிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது போல இருந்தது.

பெங்களூரிலிருந்து கார் வந்தது. இறங்கியவர் எழுபதைத் தாண்டியவர், நல்ல உயரம், முதுகு மட்டும் லேசாக வளைந்திருந்தது. கேட்டில் செக்யூரிட்டி எழுதிக் கொடுத்த விசிட்டர் சீட்டை வாங்கிப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த பெயர். எங்கே என்று யோசித்தேன். துணிக்கு அடியில் பார்த்த பெயர்.

போட்டோவில் நாற்காலியில் இருந்தவர் வயதோடு நாற்பதைக் கூட்டினேன். இவர்தான்.

இந்த மாதிரி நேரத்தில் மூளை வேகமாக வேலை செய்யும் என்பார்கள். என் மூளை செய்த வேலை, அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தது. குடித்து முடித்தார். இன்னொன்று கொடுத்தேன். அதையும் மரியாதைக்காகக் குடித்தார். பிறகு சமையல் மேடைக் கற்கள் அறுக்கும் பிரிவுக்கு அழைத்துப்போய், அவர் வாழ்க்கையில் ஒருபோதும் வாங்கப் போகாத கிச்சன் கற்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அதற்குள் முதலாளி மாலையோடு வந்துவிட்டார். அவரை ஓரமாக இழுத்தேன்.

"சார், அவரு உயிரோட இருக்காரு."

"யாரு?"

"இவருதாங்க."

"யோவ், விருந்தாளின்னா உயிரோடதான்யா வருவாரு."

"அது இல்லைங்க. கல்லுல மேல பெருசா இருக்கே, அந்தப் பேரு இவரோடது."

முதலாளி ஒரு நிமிஷம் யோசித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப ரொம்ப சந்தோஷப்படுவாருய்யா! வா, வா."

மாலை கழுத்தில் விழுந்தது. முதலாளி துணியை இழுத்தார். பாலிஷ் பிரிவு ஆட்கள் கைதட்டினார்கள். எல்லோரும் தட்டும்போது நான் மட்டும் சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று நானும் தட்டினேன்.

அந்தப் பாலிஷ் கண்ணாடி மாதிரி. கறுப்புக் கல்லில் மாலையோடு அவர் உருவம் தெரிந்தது. அதன் நெற்றிக்கு நேராக அவர் பெயர். கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. அவர் கல்லை மேலிருந்து கீழ்வரை படித்தார். போன் நம்பரையும் விடாமல் படித்தார்.

அவர் பேசியது இங்கிலீஷ். என் இங்கிலீஷுக்கு எட்டிய வரைக்கும் தமிழில் சொல்கிறேன்.

"என் பெயரை வைத்தது யார்?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சொல்லுய்யா கல்வெட்டு." பெருமையில் பங்கு கேட்ட வாய், இப்போது முழுப் பெருமையையும் எனக்கே விட்டுக்கொடுத்தது.

நான்தான் என்றேன். ஏன் என்றார். எங்கள் ஊரில் பெரியவர்கள் பெயர் மேலே, பெரிதாகத்தான் வரும், இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்றேன்.

"எங்கள் ஊரிலும் அப்படித்தான்" என்றார் அவர். "அங்கே கொடுத்தால் எப்படியாவது என் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். அதனால்தான் என்னை யாருக்குமே தெரியாத இடத்தில் கொடுத்தேன்."

நான் கீழே பார்த்தேன். செருப்பு இருந்தது.

அவர் குனிந்து கடைசிப் பெயரைத் தொட்டார். "இவர் ஏன் இங்கே வந்தார்?"

"சமையல்காரர் சார்."

"ஆமாம். சமையலறைக்கு எதிரிலேயே எஞ்சின் அறைக்கு இறங்கும் படி. உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். தீயென்று தெரிந்ததும் முதலில் இறங்கியவர் இவர். பாத்திரம் துடைக்கும் துணியை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு இறங்கினார். நான்கு பேரையும் வெளியே தள்ளினார். ஆனால் உள்ளே இன்னும் ஆட்கள் இருப்பதாக நினைத்து மறுபடி போனார். அவரைத் தேடி அடுத்தவர் போனார். அவரைத் தேடி இன்னொருவர். இது பதவி வரிசை இல்லை. இறங்கிய வரிசை."

பதினோராவது ஆள் இறங்கிய பிறகு கதவை மூடச் சொன்னது இந்தக் கேப்டன்தான். பக்கத்து அறையில் குண்டுகள் இருந்தன. மூடாவிட்டால் கப்பலில் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

"சரியான முடிவு என்று விசாரணையில் சொன்னார்கள். பதக்கமும் கொடுத்தார்கள்" என்றார். "கதவை மூடியவன் பெயர் இந்தக் கல்லில் இருக்கக் கூடாது."

முதலாளி இந்தத் தொழிலில் முப்பது வருஷம் ஓட்டியவர். எந்தச் சோகத்துக்கும் அவரிடம் ஒரு பசை உண்டு.

"சார், நோ ப்ராப்ளம். ஃபில்லிங். சேம் கலர். டுடே ஃபினிஷ், டுமாரோ கண்டெய்னர்."

விஷயம் இதுதான். கல் பொடி கலந்த கறுப்புப் பசையால் கேப்டன் பெயரை அடைத்துத் தேய்த்துவிட்டு, அதே இடத்தில் சமையல்காரர் பெயரை வெட்டுவது. கீழே இருப்பதையும் அதே மாதிரி அடைத்துவிடுவது. பார்த்தால் தெரியாது. கல் நினைவு நாளுக்குப் போய்ச் சேரும். எல்லோருக்கும் நல்லது.

கேப்டன் முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "அது நிற்குமா?"

முதலாளியின் ஷூ என் செருப்பின் மேல் வந்து உட்கார்ந்தது. தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"நிக்கும்னு சொல்லுய்யா. ரெண்டு மூணு வருஷம் தாங்கும். அப்புறம் பேரு வெளிய வந்தாத்தான் என்ன, அவருக்கும் வயசாகுதுல்ல? அப்ப சரியாத்தான் இருக்கும்."

அந்த நேரத்தில் எனக்குள் வீரம் பொங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அது இல்லை. தமிழில் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். இங்கிலீஷில் பொய் சொல்லும் அளவுக்கு எனக்கு இலக்கணம் வராது. அதோடு, எம்.எல்.ஏ. ஆட்கள் ஸ்கேலை வைத்து அளந்தது ஞாபகத்துக்கு வந்தது. இவர் கையில் ஸ்கேல் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"நோ சார்" என்றேன். "உங்க ஊர்ப் பனி பசைக்குள்ள இறங்கும். ரெண்டு மூணு குளிர்காலம். அப்புறம் பசை உதிரும். அதுல வெட்டின சமையல்காரர் பேரும் சேர்ந்து உதிரும். அடியில உங்க பேரு வெளிய வரும்."

ஷூ இறுகியது.

"வேறு வழி?"

"கல்லோட முகத்தை முழுசாத் தேய்ச்சு இறக்கணும். எழுத்து இருந்த ஆழம் போகற வரைக்கும். மறுபடி பாலிஷ் போட்டு, முதல்லருந்து வெட்டணும். கல்லு கொஞ்சம் மெலிஞ்சுரும். கண்டெய்னர் போயிரும். நினைவு நாளுக்குக் கல்லு வராது சார்."

அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பீடம் காலியாக நிற்கும், அதைச் சுற்றிப் பதினொரு குடும்பங்கள் நிற்கும், பதில் சொல்ல இவர் நிற்பார். அதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கே தெரிந்தது.

"தேயுங்கள்" என்றார்.

"கல்லு எங்கேன்னு கேப்பாங்களே சார்?"

"கேப்டன் பெயரை அழிக்க நேரமாகிவிட்டது என்று சொல்கிறேன். அந்தக் குடும்பங்களில் சிலருக்கு அது சந்தோஷமாகக்கூட இருக்கும்."

அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. மாலையைக் கழற்றி, கடைசிப் பெயருக்கு நேராகத் தரையில் வைத்தார்.

கல்லைப் படுக்க வைத்துத் தேய்க்க ஆரம்பித்தோம். அவரைப் போய் உட்காரச் சொன்னோம். போகவில்லை. கல்லின்மேல் தண்ணீர் கொட்டக் கொட்டச் சாம்பல் நிறத்தில் சேறு ஓடியது. முதலில் போனது கம்பெனி போன் நம்பர். முதலாளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று அங்குல எழுத்தாயிற்றே, ஆழம் அதிகம். கேப்டன் பெயர் கடைசி வரைக்கும் பிடிவாதமாக நின்று, வாலும் கொம்பும் மட்டும் மிஞ்சி, பிறகு அதுவும் போனது. தன் பெயர் கரைவதை அவர் அப்படி நின்று பார்த்தார். நானும் எத்தனையோ பேருக்குக் கல் வெட்டியிருக்கிறேன். இந்த ஒரு காட்சியை அவர்களில் யாருக்காவது போட்டுக் காட்ட முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. காட்டினாலும், இவர் ஏதோ தேர்தலில் தோற்றவர் போலிருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மஞ்சுளா புது ஸ்டென்சில் ஒட்டினாள். சமையல்காரர் முதலில். பதினொரு பேரும் ஒரே அளவு. கல் அடுத்த கப்பலில் போனது.

முதலாளி என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. சமையல் மேடைக் கல் பிரிவுக்கு மாற்றினார். சமையல்காரரைக் கடைசியில் போட்டவனுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனையை எந்த நீதிபதியும் யோசித்திருக்க முடியாது. ஓய்வு பெறும் வரைக்கும் சிங்க்குக்கும் அடுப்புக்கும் ஓட்டை அளந்தேன். அதில் எந்த ஓட்டை பெரியவருடையது என்ற குழப்பம் இல்லை. சிங்க்தான்.

உங்களுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். வாடிக்கையாளர் "வேறெதுவும் வேண்டாம்" என்று எழுதினால், அவர் ரொம்ப யோசித்துத்தான் அதை எழுதியிருக்கிறார். அந்த வரியைத் தன்னடக்கம் என்று நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். பசை நிற்குமா என்று யாராவது உங்களைப் பார்த்துக் கேட்டால், உங்கள் செருப்பின் மேல் எந்த ஷூ இருந்தாலும் பனியை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

லேஅவுட் அறையைக் காலி செய்த அன்று ஸ்கேலையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு ஸ்டென்சில் மேஜைப் பக்கம் போனேன். யாராவது ஆறுதல் சொல்ல மாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

"நல்லது நெனச்சுத்தான் செஞ்சேன் மஞ்சுளா. ஒரு பெரிய மனுசனுக்கு மரியாதை பண்ணலாம்னு. அவரு உயிரோட இருப்பாருன்னு எனக்கென்ன தெரியும்?"

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஏதோ ஒரு பெயரின் கடைசி எழுத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்:

"அவரு உயிரோட இருந்தது தப்பில்ல சார். உங்களுக்குக் கும்பிடு போட எப்பவும் ஒரு ஆளு வேணும். ஆளு இல்லைன்னா போட்டோவுல இருந்து புடிச்சுட்டு வந்துடறீங்க."